நூலகர் குழுவும் மட்டுறுத்தலும்

பத்துப் பேர் கூடிப் பேசுகின்ற இடத்தில் தலைவர் என்று ஒருவர் அவசியமில்லை. நூறு பேர் கூடினால் ஒரு தலைவர் வேண்டும். ஆயிரம் பேர் கூடிவிட்டாலோ தலைவர் மாத்திரம் போதாது. அந்தத் தலைவரையும் கட்டுப்படுத்தக்கூடிய விதிகள் வேண்டும். இவ்வளவு சாதாரண விஷயத்தைச் சொல்ல ஒரு வியாசம் எழுத வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டித்தான் இருக்கின்றது. ஏனெனில், படித்தவர்கள் கூடுகின்ற இடத்திலேயே இது மறக்கப்படுகின்றதென்பதை நாம் நேரில் கண்டோம்.

சில நாட்களுக்கு முன் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நாம் மேலூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நமக்குத் தெரிந்த ஓர் ஊர்ப்புற நூலகர் எதிர்ப்பட்டார். முகம் வாட்டமாயிருந்தது. காரணம் கேட்டோம். "இதைப் பாருங்கள் அய்யா" என்று செல்போனை எடுத்து நீட்டினார். அது நூலகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக வைத்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. ஆரம்பத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்களாம். இப்பொழுது பல நூறு பேர் ஆகிவிட்டார்களாம்.

அவருடைய நூலகத்திற்கு வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கின்ற ஒரு பெண், ஒரு புத்தகம் வேண்டுமென்று கேட்டிருக்கின்றார். அது அங்கே இல்லை. வேறு எந்த நூலகத்தில் கிடைக்குமென்று நமது நண்பர் அந்தக் குழுவில் எழுதிக் கேட்டிருக்கின்றார். அரை மணி நேரத்திலேயே ஒரு நூலகர், "எங்கள் கிளையில் இரண்டு பிரதி இருக்கின்றது, ஆள் அனுப்பினால் தருகிறேன்" என்று பதில் எழுதிவிட்டார். ஆனால் அந்தப் பதிலின் மேல் காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், சாமி படங்கள், சர்க்கரை வியாதிக்குக் கைகண்ட மருந்து, பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி வருமென்கின்ற மிரட்டல், இவற்றோடு இரண்டு பேருக்குள் நடந்த சொந்தச் சண்டை ஆகிய எல்லாம் வந்து மூடிக்கொண்டன. நண்பர் அந்தப் பதிலைக் கண்டது எட்டு நாள் கழித்து. அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது.

இனி இப்படி நடக்கலாகாது, மட்டுறுத்தல் வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கின்றதாம். மட்டுறுத்தல் வந்தால் எங்கள் வாய்க்குப் பூட்டு வந்துவிடும் என்று மற்றொரு கட்சி கிளம்பியிருக்கின்றதாம். "நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். பேருந்து வந்துவிட்டபடியால் எழுதிச் சொல்லுவதாகக் கூறி வந்தோம்.

நூலகர்கள் தங்களுக்குள் எதையோ பேசிக்கொள்கின்றார்கள், நமக்கென்ன என்று குடியானவரும் கடைக்காரரும் நினைக்கலாம். அப்படி நினைப்பது தங்கள் பணத்தின் கணக்கைத் தாங்களே கேளாமல் விடுவதாகும். சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகின்றது. ஓட்டு வீட்டுக்காரரும் செலுத்துகின்றார், மாடி வீட்டுக்காரரும் செலுத்துகின்றார். மதுரையில் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ஆம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் கட்டடத்தைப் பார்த்து நாம் பெருமைப்படுகின்றோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் பிள்ளை தினந்தோறும் பேருந்து ஏறி அங்கே வர முடியாது. அந்தப் பிள்ளைக்கு அந்த ஊரிலிருக்கும் ஒற்றை அறை நூலகம்தான் பல்கலைக்கழகம். அந்த அறைக்குப் பெரிய நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வந்து சேர வேண்டுமானால், அங்கிருக்கும் நூலகரும் இங்கிருக்கும் நூலகரும் பேசிக்கொள்ள வழி இருக்க வேண்டும். அந்த வழியில் குப்பை கொட்டினாலும் நஷ்டம் நமக்குத்தான். அந்த வழியை அடைத்துவிட்டாலும் நஷ்டம் நமக்குத்தான்.

நிற்க. இந்தச் சங்கடம் மதுரை நூலகர்களுக்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்த சார்லஸ் பெய்லி என்பவர் 1989-இல் கணினி வழியாக நூலகர்கள் கலந்து பேச ஓர் ஏற்பாடு செய்தார். முதலில் அதில் மட்டுறுத்தல் கிடையாது. ஆட்களும் கடிதங்களும் பெருகிய பிறகே, ஒருவர் பார்வையிட்டு அனுப்பும் முறை ஏற்பட்டது. நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலிருந்த தேசிய அறிவியல் தகவல் மையத்தார், 1995-இல் இந்திய நூலகர்களுக்காக அத்தகைய ஏற்பாட்டைச் செய்தார்கள். அதுவும் மட்டுறுத்தியே நடத்தப்பட்டது. ஆகவே மட்டுறுத்தல் என்பது யாரோ ஒரு கொடுங்கோலன் கண்டுபிடித்த புதிய விலங்கு அல்ல. கூட்டம் பெருகினால் எங்கும் உண்டாகின்ற தேவையேயாகும்.

இதை நூலகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லுவதுதான் வேடிக்கை. சீர்காழியில் பிறந்து, நூலக விஞ்ஞானத்திற்கே அஸ்திவாரம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை இவர்கள் பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்கள். அவற்றில் நான்காவது, வாசிக்க வருபவரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதைப் பற்றியது. ஐந்தாவது, நூலகமானது உயிருள்ள பொருளைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதைப் பற்றியது. வளருவதற்குத் தக்கபடி ஏற்பாட்டையும் மாற்றிக்கொள்ளாவிட்டால் வளர்ச்சியே வியாதியாகிவிடும் என்பது இதன் கருத்து. வாட்ஸ்அப் குழுவில் 2016-இல் 256 பேர் சேரலாம் என்றிருந்தது. 2022-இல் முதலில் 512 ஆகி, பிறகு 1024 ஆயிற்று. ஆட்கள் நான்கு மடங்கு ஆகலாம். வாசிக்கின்றவரின் நேரம் நான்கு மடங்கு ஆகுமா? ஒரு நாளைக்கு அவருக்கும் 24 மணி நேரம்தானே?

இனி இரு கட்சியாருடைய வாதங்களையும் எடுத்துக்கொள்ளுவோம்.

"எல்லோரும் எதையும் எழுதட்டும், அதுதான் சுதந்திரம்" என்பது ஒரு கட்சி. சுதந்திரத்தின்மீது நமக்குள்ள ஆசை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஒன்று கேட்கின்றோம். ஒரு பொதுக்கூட்டத்தில் நூறு பேர் ஒரே சமயத்தில் எழுந்து பேசினால், அங்கே நூறு பேருக்கும் சுதந்திரம் இருக்கின்றதென்று சொல்லலாமா? தொண்டை பெரியவனுக்குத்தான் அங்கே சுதந்திரம். வேலையில்லாமல் நாள் முழுதும் செல்போனைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் அங்கே சுதந்திரம். காலையில் நூலகத்தைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பத்திரிகைகளை எடுத்து வைத்து, வந்தவருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு, இரவில் கால் மணி நேரம் பார்க்கின்ற ஊர்ப்புற நூலகருக்கு அங்கே என்ன சுதந்திரம் இருக்கின்றது? அவர் கேட்ட ஒரு கேள்வியையும் குப்பை மூடிவிட்டது. ஒழுங்கில்லாத கூட்டத்தில் முதலில் வாய் அடைபடுகின்றவன் எளியவன்தான்.

"அப்படியானால் அட்மின் ஒருவரே எழுதட்டும், மற்றவர்கள் படிக்கட்டும்" என்பது எதிர்க்கட்சியில் சிலருடைய அபிப்பிராயம். குழுவை நடத்துகின்றவர் மாத்திரமே எழுதக்கூடியபடி அடைத்துவைக்கும் வசதி 2018-இலேயே வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு நொடியில் அமைதி. ஆனால் இது மயானத்து அமைதி அல்லவா? மேலிருந்து உத்தரவு வரும். கீழிருந்து ஒரு சொல் போகாது. இதற்குக் கலந்துரையாடல் என்று பெயர் வைப்பதைவிட, அலுவலகச் சுவரில் ஒட்டும் சுற்றறிக்கை என்று வைத்துவிடலாம்.

இந்தக் கட்சியாருக்குக் கைகொடுக்க நம் நாட்டில் ஒரு பழைய வார்த்தையும் தயாராக இருக்கின்றது. அது "அவையடக்கம்" என்பதாகும். புலவன் ஒருவன் தன்னைத் தானே தாழ்த்திச் சொல்லிக்கொள்வதை அவையடக்கம் என்று இலக்கியத்தில் வைத்தார்கள். இருக்கட்டும். ஆனால் வாழ்க்கையில் இந்த அடக்கம் யாருக்கு உபதேசிக்கப்பட்டது? பண்ணையார் எதிரில் பண்ணையாளுக்கும், மேல்சாதியான் எதிரில் கீழ்ச்சாதி என்று தள்ளப்பட்டவனுக்கும், ஆண்கள் கூடிய இடத்தில் பெண்ணுக்கும், அதிகாரி எதிரில் சிப்பந்திக்கும்தானே? மேலே இருப்பவனுக்கு அவையடக்கம் வேண்டுமென்று யாராவது எப்பொழுதாவது சொன்னதுண்டா? ஆகவே நாம் சொல்லுகின்றோம்: அடக்கம் வேறு, ஒழுங்கு வேறு. அடக்கம் என்பது ஆளைப் பார்த்துப் போடுவது. ஒழுங்கு என்பது காரியத்தைப் பார்த்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் வைப்பது. நூலகர் குழுவுக்கு வேண்டியது ஒழுங்கேயொழிய அடக்கமல்ல.

மூன்றாவதாக ஒரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். "மனிதன் மட்டுறுத்தினால்தானே பாரபட்சம்? இயந்திரத்திடம் விட்டுவிடுவோம். கெட்ட வார்த்தையை அதுவே கண்டுபிடித்துக் கழித்துவிடும்" என்கின்றார்கள். இது நமது மதுரைக்குப் புதிய சங்கதியல்ல. சங்கப் பலகை என்று ஒரு கதை சொல்லுவார்கள். தகுதியுள்ள புலவன் வந்தால் பலகை தானாக நீண்டு இடம் கொடுக்குமாம், தகுதியில்லாதவனைத் தள்ளிவிடுமாம். மரப்பலகைக்கு இலக்கணம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க ஆளில்லாமல் இந்தக் கதை இத்தனை காலம் நடந்துவந்தது. தள்ளியது பலகையல்ல, பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்கள். தங்கள் விருப்பு வெறுப்புக்குப் பொறுப்பேற்க மனமில்லாதபோது, பலகையின்மேல் பழியைப் போடுவது வசதியாகத்தானே இருக்கும்? இன்றைக்கு இயந்திரத்தின் பேரால் சொல்லப்படுவதும் அதே மாதிரியானதுதான். இயந்திரத்திற்கு எந்த வார்த்தை நல்லது, எது கெட்டது என்று எழுதிக்கொடுத்தவன் ஒரு மனிதன். தன்னைப் புழு என்று எண்ணிக் கூனிக் குறுகி நின்றவன் தன் சாதியின் பெயரைச் சொல்லி நியாயம் கேட்டாலும், மற்றொருவன் அதே பெயரைச் சொல்லி அவனை வைதாலும், வார்த்தையை மட்டும் எண்ணுகின்ற இயந்திரத்திற்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாம். குப்பையைப் பொறுக்குவதற்கு இயந்திரம் உதவட்டும். தீர்ப்புச் சொல்லப் பொறுப்புள்ள மனிதன் வேண்டும்.

இதே மதுரையில் மற்றொரு கதையும் உண்டு. கடவுளே எழுதிய பாட்டில் நக்கீரன் குற்றம் கண்டானாம். வாதத்திற்குப் பதில் வாதம் வரவில்லை. நெற்றிக்கண் திறந்ததாம், நக்கீரன் வெந்து குளத்தில் விழுந்தானாம். இது நடந்ததென்று நாம் நம்பச் சொல்லவில்லை. ஆனால் கதை எழுதியவனே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டான். பதில் இல்லாத இடத்தில்தான் நெருப்பு வேண்டியிருக்கின்றது. யார் எழுதியதையும் எல்லோருடைய பார்வையிலிருந்தும் நீக்கும் வசதி 2022-இல் அட்மின்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. இது ஒவ்வொரு அட்மினுக்கும் கிடைத்த நெற்றிக்கண். குப்பையை எரிப்பதற்கு அது பயன்படலாம். நக்கீரனை எரிப்பதற்குப் பயன்படுமானால் அந்தக் குழுவைவிடக் குழு இல்லாதிருப்பதே மேல்.

இதில் மற்றொரு சாக்கும் சொல்லப்படுகின்றது. "யாராவது எதையாவது எழுதிவிட்டால் போலீசார் அட்மினைப் பிடித்துக்கொள்ளுவார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் தடுக்கிறோம்" என்கின்றார்கள். இந்தப் பயத்திற்கு மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் சற்றுத் தூரம் போனாலே மருந்து இருக்கின்றது. 2004 ஜூலை முதல் அங்கே நடந்துவரும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில், கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கு வந்தது. குழுவை நடத்துகின்றவர் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லாதவரை, மற்றொருவர் எழுதியதற்காகக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்க முடியாதென்று 2021 டிசம்பரில் அங்கே சொல்லப்பட்டது. அதே வருஷத்தில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை சொன்னதும் இதுவே. ஆகவே பயத்தின் பேரால் வாய்ப்பூட்டுப் போட நியாயமில்லை.

உண்மையில் பயப்படுகின்றவர்கள் வேறு ஆட்கள். நமது நண்பர் பேருந்தில் ஏறும்போது மெதுவாக ஒன்று சொன்னார்: "கூரை ஒழுகி இருநூறு புத்தகம் நனைந்துவிட்டதென்று எழுத நினைத்தேன் அய்யா. அந்தக் குழுவில் அதிகாரிகளும் இருக்கிறார்கள், எழுதவில்லை." நூறு காலை வணக்கத்திற்கு இடமுள்ள குழுவில் ஒழுகின்ற கூரைக்கு இடமில்லை! அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ஆம் ஆண்டிலிருந்தே அவர் தலைக்குமேல் இருக்கின்றன. இதற்குமேல் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகின்ற அதிகாரியே மட்டுறுத்துகின்றவராகவும் வந்து உட்கார்ந்துவிட்டால், ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டதாகிவிடும். பிறகு கூரை ஒழுகுவது வெளியே தெரியாது. ஆனால் ஒழுகுவது நிற்காது.

அப்படியானால் என்னதான் செய்வது? நூலகர்கள் வேறு எங்கும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தங்கள் அலமாரியைப் பார்த்தால் போதும். சரித்திரப் புத்தகம் சமையல் புத்தக வரிசையில் வந்துவிட்டால் நூலகர் அதைக் கிழித்துப் போடுகின்றாரா? எடுத்து அதற்குரிய இடத்தில் வைக்கின்றார். தமக்குப் பிடிக்காத கட்சிக்காரர் எழுதிய புத்தகத்தை ஒளித்துவைக்கின்றாரா? அப்படிச் செய்பவர் நூலகரே அல்ல. இந்தப் பழக்கத்தைக் குழுவுக்கும் கொண்டுவருவதே நல்ல மட்டுறுத்தல். நாம் சொல்லக்கூடியவை இவை:

முதலாவது, குழு எதற்காக என்பதை நான்கு வரியில் எழுதி, எல்லோரும் ஒப்பி, புதிதாக வருகின்றவர் முதலில் அதைப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

இரண்டாவது, வாழ்த்துக்கும் வேடிக்கைக்கும் தனிக் குழு வைக்க வேண்டும். ஒரே கூட்டத்திற்குள் பல கிளைக் குழுக்கள் வைத்துக்கொள்ளும் வசதி 2022 முதல் இருக்கின்றது. மனிதர்கள் சிரிப்பதும் வாழ்த்துவதும் குற்றமல்ல. இடம் தவறியதுதான் குற்றம்.

மூன்றாவது, வசை, சாதிப் பேச்சு, பெண்களைப் பற்றிய இழிபேச்சு, ஆதாரமில்லாத வதந்தி ஆகியவற்றை நீக்கலாம். நிர்வாகத்தின் குறையை எடுத்துச் சொல்லுவதை மாத்திரம் எக்காரணத்தைக்கொண்டும் நீக்கக் கூடாது.

நான்காவது, எதை நீக்கினாலும் எழுதியவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை எதெது நீக்கப்பட்டதென்று எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, மட்டுறுத்துகின்றவர் ஒருவராயிருக்கக் கூடாது. ஐந்து பேர் வேண்டும். அதில் ஊர்ப்புற நூலகரும், பகுதி நேர நூலகரும், பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கொருமுறை ஆள் மாற வேண்டும். மேலதிகாரி குழுவில் இருக்கலாம், மட்டுறுத்துகின்ற இடத்தில் இருக்கக் கூடாது.

ஆறாவது, ஒருவர் நீக்கியது தவறென்று தோன்றினால் மற்ற நால்வரிடம் முறையிட வழி வேண்டும்.

இவற்றில் நாலாவதை நாம் பெரிதும் வற்புறுத்துகின்றோம். மாட்டுத்தாவணி என்கின்ற பெயரே மாட்டுச் சந்தையால் வந்த பெயர். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் அநேகர் பார்த்திருப்போம். மாட்டை விற்கவந்த குடியானவனுக்கே தன் மாடு எந்தக் கணக்கில் என்ன விலைக்குப் போயிற்று என்பது சமயத்தில் தெரியாது. காரணம் சொல்லாத மட்டுறுத்தல் இந்தத் துண்டுக்குள் நடக்கும் பேரத்தைப் போன்றது. நீக்குகின்றவர் யோக்கியராகவே இருக்கலாம். துண்டு போட்டு மூடியிருக்கின்றவரை அதை எவன் நம்புவான்?

நமது பொதுக்கூட்டங்களில் கேள்வி கேட்கின்றவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுப்பது வழக்கம். ஒரே கேள்வி பத்துச் சீட்டில் வந்தால் தலைவர் ஒன்றாக்கலாம். வீண் வசையைத் தள்ளலாம். ஆனால் பேசியவரைத் திணற அடிக்கக்கூடிய கேள்வி வந்தால், அதைத்தான் முதலில் உரக்கப் படிக்க வேண்டும். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுகின்ற தலைவர் கூட்டத்தைக் காப்பாற்றவில்லை, பேச்சாளரைக் காப்பாற்றுகின்றார். மட்டுறுத்துகின்றவருக்கும் இதுவே உரைகல்.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நூலகர் குழுவில் சாமி படம் வருகின்றதே, அதை எடுத்துவிட வேண்டும் என்றவுடன் நம் தோழர்களில் சிலருக்குச் சந்தோஷமாக இருக்கலாம். அதை எடுப்பது நமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாததனாலல்ல. அது புத்தகத்தைப் பற்றியதல்ல என்பதனால். அதே காரணத்தால், நம்மவர் ஒருவர் அங்கே போய் நம்முடைய பிரசாரத்தைக் கொட்டினாலும் அதையும் எடுத்தே தீர வேண்டும். நமக்குப் பிடித்ததை விட்டுவைத்துப் பிடிக்காததை மாத்திரம் எடுக்கும் விதி, விதியல்ல. அது நம் கையிலிருக்கும் தடி. தடி இன்று நம் கையில் இருக்கும், நாளைக்கு வேறொருவன் கைக்குப் போகும். பகுத்தறிவு என்று பேசுகின்றவன் இதை மற்றவனைவிட முன்னதாக உணர வேண்டாமா?

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் என்று ஒருவர் இருக்கின்றார். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த இடத்திலிருந்து புறப்படும் என்பதை அவர் பார்த்துக்கொள்ளுகின்றார். அவர் இல்லாவிட்டால் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஒருவனும் ஊர்போய்ச் சேர முடியாது. ஆனால் வண்டியில் ஏறுகின்றவனைப் பார்த்து, நீ எந்த ஊருக்குப் போகலாம், எந்த ஊருக்குப் போகக்கூடாது என்று அவர் சொல்லுவதில்லை. தாவணி என்பதற்கு மாடுகளை வரிசையாகக் கட்டுகின்ற கயிறு என்றும் ஒரு பொருள் உண்டு. நூலகர் குழுவுக்கு நேரக் காப்பாளர் தேவை. கயிறு தேவையில்லை.

நமது நண்பர் அடுத்த முறை புத்தகம் கேட்டு எழுதினால் அரை மணியில் பதில் அவர் கண்ணில் பட வேண்டும். கூரை ஒழுகுகின்றதென்று எழுதினால் அது எவராலும் நீக்கப்படாமல் நிற்க வேண்டும். இவ்விரண்டும் நடந்தால் அங்கே மட்டுறுத்தல் சரியாக நடக்கின்றதென்று நாம் ஒப்புக்கொள்ளுவோம். ஒன்று நடந்து மற்றொன்று நடக்காவிட்டால், அதற்கு என்ன பெயர் வைப்பதென்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.